கருவைக்காட்டு நாட்குறிப்பு

பிப்ரவரி 4

கருவைக்கு விலை பேச யாவாரி வந்திருந்தார். ராமநாதபுரம் மாவட்டத்தில் சாயல்குடிக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவில் கிடக்கும் எங்கள் பட்டா நிலம் ஆறு ஏக்கரும் சீமைக்கருவேலம்தான், ஊடே பனையும் நாலைந்து குடைவேலமும். வரப்பில் நின்றபடியே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மொத்தமா ஒரு தொகை வாங்கிக்கங்க தம்பி, வெட்டு, ஏத்து எல்லாம் நம்ம ஆளுக பாத்துக்கிடுவாங்க" என்றார். இந்தப் பக்கம் பலரும் இப்படித்தான் கொடுக்கிறார்கள். காசு உடனே கைக்கு வரும், அலைச்சல் இல்லை. ஆனால் காட்டுக்குள் எத்தனை டன் நிற்கிறது என்பது வாங்குகிறவருக்குத் தெரியும், விற்கிறவருக்குத் தெரியாது. எடைக்குத்தான் தருவேன் என்று சொல்லிவிட்டேன். முகம் சுருங்கியது, ஆனாலும் கிளம்பிப் போகவில்லை.

பிப்ரவரி 9

பேச்சு முடிந்தது. ஒவ்வொரு நடைக்கும் காலி வண்டி எடை, பார வண்டி எடை இரண்டும் போட வேண்டும், ரசீதில் ஒரு நகல் எனக்கு. வெட்டிய கட்டை மறுநாளுக்குள் ஏறிவிட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன், இதில் மட்டும் நான் இறங்கி வரவே இல்லை. பச்சைக் கட்டையின் பாரத்தில் நல்ல பங்கு தண்ணீர்தான், மாசி வெயிலிலும் கடல் காற்றிலும் ஒரு வாரம் கிடந்தால் அந்தப் பாரம் நம் கணக்கில்தான் குறையும், காய்ந்த கட்டை கிடைத்த லாபம் யாவாரிக்கு.

பனையைத் தொடக்கூடாது. பனை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே சொன்னார்கள், அது இல்லாவிட்டாலும் நான் விடமாட்டேன். குடைவேலத்தையும் விட்டுவிடச் சொன்னேன். இந்த மணலில் மதிய வெயிலுக்கு நிழல் என்று இருப்பது அதுதான்.

பிப்ரவரி 15

வெட்டு ஆரம்பம். பக்கத்து ஊரிலிருந்து ஒரு அண்ணனும் மதினியும் வந்திருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் சின்ன வயதிலிருந்தே இதுதான் தொழில். மிஷின் ரம்பம் கொண்டுவரட்டுமா என்று யாவாரி கேட்டார். அடிமரத்துக்கு மிஷின் சரி, ஆனால் முள்ளை விலக்கி உள்ளே போக அரிவாளும், நுனி இரண்டாகப் பிரிந்த கவைக்கம்பும்தான் ஆகும். மதினி கவையால் கொப்பை அழுத்திப் பிடிக்க, அண்ணன் அரிவாளைச் சாய்த்து ஒரே போடு, விழுந்த கொப்பை அதே கவையால் மதினி தள்ளிக்கொண்டு போய் முள்ளுக்குவியலில் சேர்க்கிறார். கை முள்ளில் படவே இல்லை. அப்படியும் சாயங்காலம் அண்ணன் காலில் ஒரு முள் ஏறி, செருப்பைத் துளைத்துக்கொண்டு போய், பாதம் வீங்கிவிட்டது. "இது என்ன தம்பி, நாளைக்கு வத்திரும்" என்கிறார். ஊசி போடக் கூட்டிப்போனேன்.

வெட்டிய முகத்தில் வெளிவட்டம் வெளிறிய மஞ்சள், உள்ளே வைரம், அதாவது நடுக்கட்டை, செம்பழுப்பு. வைரம் எவ்வளவோ அவ்வளவு கரி.

பிப்ரவரி 16

டிராக்டர் டயர் பஞ்சர். வேறு வேலை நடக்கவில்லை.

பிப்ரவரி 22

எடைமேடைக்கு நானே கூடப் போகிறேன். பலரும் பார வண்டி எடையைத்தான் உற்றுப் பார்ப்பார்கள், விஷயம் காலி எடையில் இருக்கிறது. இன்று காலி டிரெய்லர் மேடையேறும்போது மேலே மூன்று ஆள், ஒரு தண்ணீர் டிரம், ஸ்டெப்னி. அவ்வளவும் காலி எடையில் சேர்ந்தால் நடைக்கு நடை அத்தனை கிலோ விறகு ஓசியில் போகும். இறங்கச் சொன்னேன், டிரம்மையும் இறக்கினோம். டிரைவர் தம்பி சிரித்துக்கொண்டே இறங்கினார், சண்டை ஒன்றும் இல்லை. நிலம் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த ஒன்றையாவது பிடித்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 3

பருமனான கட்டையில் கொஞ்சம் ஒதுக்கி நாமே மூட்டம் போடலாம், அதாவது மண் மூடிப் புகையவிட்டுக் கரி எடுக்கலாம் என்று முடிவு. நாலைந்து டன் விறகுக்கு ஒரு டன் கரி, அவ்வளவுதான் கிடைக்கும். கூலியையும் கணக்கில் எடுத்தால் சுள்ளிக்குக் கட்டாது, மண்ணுக்குள் வேரோடு நிற்கும் தூருக்கும் அடிக்கட்டைக்கும்தான் கட்டும். கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் கரிசல் மண், அள்ளி அப்பினால் ஒட்டிக்கொள்ளும். நம் கடற்கரை மணல் நிற்கவே நிற்காது, காய்ந்ததும் பொலபொலவென்று சரிந்துவிடும். மேற்கே எங்கள் வயலிலிருந்து களிமண் ஒரு நடை அடித்தோம்.

கட்டைகளை நெருக்கி அடுக்கி, சந்துகளில் சுள்ளி செருகி, மேலே பச்சைத் தழையும் வைக்கோலும் போர்த்தி, அதற்கு மேல் ஈரக் களிமண் பூசியாயிற்று. அண்ணன்தான் நெருப்பு வைத்தார்.

மார்ச் 7

ராத்திரி காவல். முதலில் வெள்ளைப் புகை, கெட்டியாக வரும், அது கட்டையில் உள்ள தண்ணீர் போவது. விறகு கரியாகி முடியும்போது புகை மெலிந்து நீலம் ஓடும். இடையில் எங்காவது மண் வெடித்துக் காற்று புகுந்தால் கரி சாம்பலாகிப் போகும். இன்று கீழ்ப்புறம் கையகலம் வெடித்தது, அண்ணன் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து சேற்றை அப்பி மூடினார். புகை வாசத்திலேயே அவருக்கு விழிப்பு வந்துவிட்டது.

மார்ச் 14

மூட்டம் பிரித்தாயிற்று. தட்டினால் கணீரென்று சத்தம் வருகிறது, நல்ல கரி. கட்டைக்கரி தனி மூட்டை, சன்னக் கரி தனி மூட்டை, தூள் கடைசியில். இஸ்திரிக் கடைக்காரர் ஒருவர் நேரடியாக வந்து வாங்கிப் போனார்.

யாவாரி பாக்கியையும் தீர்த்துவிட்டார். ரசீதுகளைக் கூட்டிப் பார்த்தேன். வெட்டுக்கூலி, வண்டி வாடகை போக, மொத்தத்துக்கு அவர் கேட்ட தொகையைவிடக் கணிசமாகவே கூட வந்திருக்கிறது.

மார்ச் 19

தூரை என்ன செய்வது? 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னபோது எங்கள் பக்கத்து நிலத்தில் ஜேசிபி வைத்துத் தோண்டினார்கள். அடுத்த ஐப்பசி மழையில், கிளறிய மண்ணில் கன்று பாய் விரித்த மாதிரி முளைத்தது. பிறகு யாரும் அந்தப் பக்கம் போகவில்லை, இன்று அது எங்கள் காட்டைவிட அடர்த்தி. தோண்டுவது மட்டும் வேலையில்லை, தோண்டிய இடத்தில் மழைக்கு மழை கன்று பிடுங்க ஆள் வேண்டும்.

அதனால் நம்மால் பார்க்க முடிகிற இரண்டு ஏக்கரில் மட்டும் தூர் எடுக்கிறோம். அங்கே வேம்பும் புங்கையும், ஓரமாக ஆவணி, புரட்டாசியில் பனங்கொட்டையும். மிச்ச நாலு ஏக்கரில் தூர் தழைக்கட்டும், ஆனால் தூருக்கு இரண்டு மூன்று கிளையை மட்டும் நிறுத்தி மற்றதைக் கழிக்க வேண்டும், அப்போதுதான் அடுத்த வெட்டுக்குக் கட்டை பருக்கும், புதராகாது.

ஆட்டுக்கார மாமாவிடமும் பேசியாயிற்று. கருவை நெற்றைத் தின்ற ஆடு புழுக்கையோடு விதையைப் போட்டுவிட்டுப் போகும், அதனால் நெற்று உதிரும் மாதங்களில் அந்த இரண்டு ஏக்கரில் கிடை போட வேண்டாம் என்று கேட்டேன். சரி என்றார், பதிலுக்கு நாலு ஏக்கரில் மேய்த்துக்கொள்ளலாம் என்று பேச்சு.