சாட்ஸ்வொர்த்தில் சுகர்ஸ் தடுப்பு: எந்த எண்ணைப் பார்ப்பது?

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் 'சுகர்ஸ்' எனும் ஹெராயின் கலந்த தெருப்போதைத் தடுப்புக்குத் திட்டம் போடும் கோயில் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். தென்னாப்பிரிக்க மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் சசெண்டு (SACENDU) எனும் போதைப் பழக்கக் கண்காணிப்புக் கணக்கு 1996 முதல் இருக்கிறது. சிகிச்சை மையங்களின் விவரத்தை ஆறு மாதத்துக்கொரு முறை தொகுக்கிறது. அதில் மொத்தச் சேர்க்கையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். மையங்களில் இடம் எவ்வளவோ அவ்வளவுதான் சேர்க்கை. ஊரில் பழக்கம் இரட்டித்தாலும் அந்த எண் அசையாமல் நிற்கலாம். முதல் தடவை வருகிறவர்கள், 20 வயதுக்கு உட்பட்டவர்கள், முதன்மைப் போதையோடு சேர்த்து எடுக்கும் இரண்டாவது பொருள், இந்த மூன்றையும் பாருங்கள். போலீஸ் வழக்கு கூடியிருந்தால், சோதனை கூடியது மட்டுமே காரணமாக இருக்கலாம்.

தெருவாரியாகப் பிரித்தால் 5-க்குக் குறைந்த எண்ணை வெளியிடவே வேண்டாம். எந்த வீடு என்று அக்கம்பக்கம் கண்டுபிடித்துவிடும். பிறகு எந்தத் தாயும் பிள்ளையைச் சிகிச்சைக்கு அழைத்துவரத் துணியமாட்டாள்.