ஈசிக்-குல் தென்கரையில் ச்சிய் புல்

கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து ஈசிக்-குல் ஏரியின் மேற்கு முனை நகரான பலிக்சிக்கு மார்ஷ்ருத்கா எனும் பகிர்வு வேனில் சுமார் 180 கி.மீ. ஏரி கண்ணில் பட்டதும் எல்லாரும் தண்ணீரையே பார்க்கிறார்கள். சாலையோரச் சரளை நிலத்தையும் பாருங்கள். ஆள் உயரத்துக்குத் தூர் தூராக நிற்கிறதே, அதுதான் ச்சிய். ஏரியின் கிழக்குக் கரை மழையில் பச்சையாக இருக்கும். இந்த மேற்கு முனையோ வறண்ட பூமி. உப்பு மண்ணையும் தாங்கும் புல் இது. ஆழ வேர் விடுவதால், இது அடர்ந்து நிற்கும் இடத்தில் நிலத்தடி நீர் பெரும்பாலும் எட்டும் ஆழத்தில் இருக்கும்.

வழிகாட்டிகள் சிலர் இதை நாணல் என்றே சொல்லிவிடுகிறார்கள். அது தவறு. நாணல் தண்டின் உள்ளே வெற்றிடம். ச்சிய் தண்டை ஒடித்தால் உள்ளே வெள்ளைச் சோறு அடைத்திருக்கும். கனம் 3 முதல் 5 மி.மீ., உயரம் இரண்டரை மீட்டர் வரை. இலை கம்பி போலச் சுருண்டிருக்கும், கையை அறுக்கும். தொடுவதானால் தண்டை மட்டும் தொடுங்கள்.

தென்கரை ஊரான போக்கன்பாயெவோ சுற்றுவட்டாரத்தில் இந்தத் தண்டுகளால் தட்டி பின்னுவதைப் பார்க்கலாம். புல்லுக்கும் தட்டிக்கும் அதே பெயர்தான். சோகையை உரித்து, தண்டுகளை ஒரே நீளத்துக்கு நறுக்குவார்கள். இரண்டு கவைக்கம்புகள்மேல் ஒரு குறுக்குக் கட்டை. ஒவ்வொரு நூலின் இரு முனையிலும் ஒரு கல் கட்டி, கட்டைக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகத் தொங்கவிடுவார்கள். ஒரு தண்டை வைத்ததும் முன் கல் பின்னால் போகும், பின் கல் முன்னால் வரும். ஒரு தண்டு கட்டியாயிற்று. கற்களின் எடை ஒத்துப்போகாவிட்டால் தட்டி ஒரு பக்கம் இழுக்கும். அடிப்பக்கம் தடிமன், நுனி மெலிவு என்பதால் தண்டுகளை மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். இல்லாவிட்டால் விசிறி போல விரிந்துவிடும்.

விலை உயர்ந்தது சிர்மகன் ச்சிய். பின்னுவதற்கு முன்பே ஒவ்வொரு தண்டிலும் சாயக் கம்பளியைச் சுற்றிவிடுவார்கள். முழுக் கோலமும் தண்டு தண்டாகப் பிரிந்து கிடக்கும். ஒரு தண்டு இடம் மாறினாலும் கோலம் உடையும். இந்தப் பொறுமைக்குக் கேட்கும் விலை நியாயமானதே.

யூர்ட் எனும் நாடோடிகளின் வட்டக் கூடாரத்தில் இந்தத் தட்டி மரச்சட்டத்துக்கும் ஃபெல்ட் (கம்பளியை அழுத்திச் செய்யும் கனத்த துணி) போர்வைக்கும் நடுவே நிற்கும். கோடையில் போர்வையின் அடிப்பகுதியைச் சுருட்டி உயர்த்தினால் காற்று வரும், ஆட்டுக்குட்டி வராது. கிர்கிஸ், கஸாக் யூர்ட் கட்டும் கலை 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

ஃபெல்ட் செய்யவும் வெறும் ச்சிய் தட்டிதான் அடிப்பாய். அதன்மேல் கம்பளியைப் பரப்பி, வெந்நீர் தெளித்து, தட்டியோடு சேர்த்து இறுக்கிச் சுருட்டி, கயிறு கட்டி உருட்டுவார்கள். வழவழப்பான தண்டில் கம்பளி சிக்காது, இடைவெளி வழியே தண்ணீர் வடியும். கம்பளி மெலிந்த இடத்தில் ஓட்டை விழும். சுருள் தளர்ந்தால் மடிப்பு விழுந்துவிடும்.

தட்டி வாங்கினால் ஒருபோதும் மடிக்காதீர்கள், தண்டு ஒடியும். பின்னிய திசையிலேயே பாய் போலச் சுருட்டி, ஈரம் படாமல் துணியில் கட்டுங்கள்.