லாக் மாறுவதைக் கண்டுபிடிக்கும் புரோகிராம்: ஒருமுறை விழுந்து மறுமுறை தேறிய செய்முறைத் தேர்வு

போன வருடம் இந்தத் தேர்வில் விழுந்தேன், இந்த வருடம் தேறிவிட்டேன். சர்வர் பராமரிப்பு வேலைக்கான செய்முறைத் தேர்வு, மூன்று மணி நேரம், ஒரே கேள்வி. சிஸ்டம் லாகில், அதாவது சர்வரில் நடப்பதெல்லாம் வரிவரியாகப் பதிவாகும் ஃபைலில், புதிதாக எது எழுதப்பட்டாலும் உடனே கண்டுபிடித்து, அவர்கள் சொல்லும் சொல் இருக்கிற வரியை மட்டும் திரையில் காட்ட வேண்டும். நொடிக்கு ஒருமுறை ஃபைலைத் திறந்து பார்க்கிற வேலை கூடாது, சிஸ்டத்தின் மையப் பகுதியான கர்னல் தருகிற அறிவிப்பை வைத்துத்தான் செய்ய வேண்டும். அது முடிந்ததும் இரண்டு பேர் எதிரே உட்கார்ந்து இருபது நிமிடம் கேள்வி கேட்பார்கள்.

முதல் தடவை என் புரோகிராம் ஒன்றரை மணி நேரத்திலேயே ஓடியது. மீதி நேரத்தைத் திரையில் வண்ணம் சேர்ப்பதில் செலவு செய்தேன். தேர்வாளர் வந்து நாலு வரி எழுதிப் பார்த்தார், நாலும் வந்தது. அப்புறம், பழைய லாகை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்க வைக்கும் லாக்ரொட்டேட் கட்டளையை ஒருமுறை ஓட்டிவிட்டு மறுபடி எழுதினார், ஒன்றும் வரவில்லை. புரோகிராம் நிற்கவும் இல்லை, பிழை என்று சொல்லவும் இல்லை, சும்மா காத்துக்கொண்டே இருந்தது. அந்த அமைதியை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது, ஏனென்றால் நிஜ சர்வரிலும் அது அப்படித்தான் ஒரு சத்தமும் இல்லாமல் குருடாகி நின்றிருக்கும்.

லினக்ஸில் இதற்கு இருக்கிற வழி இனோட்டிஃபை. 2005இல் 2.6.13 கர்னலில் வந்தது, அதற்கு முன்னால் டிநோட்டிஃபை என்று ஒன்று இருந்தது, அது ஃபோல்டர் அளவில்தான் சொல்லும். இனோட்டிஃபை இனிட் என்று கூப்பிட்டால் ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்த ஃபைலைக் குறிக்கும் எண் மாதிரி) கிடைக்கும், ஆட் வாட்ச் மூலம் எந்த ஃபைலை, எந்த மாற்றத்துக்காகக் கவனிக்க வேண்டும் என்று சொல்கிறோம், பிறகு அந்த டிஸ்கிரிப்டரிலிருந்து ரீட் செய்தால் மாற்றம் நடக்கிற வரைக்கும் புரோகிராம் தூங்கும். இவ்வளவுதான், அரை நாளில் படித்துவிடலாம். எல்லாரும் விழுவது இதற்கு அப்புறம்தான்.

எங்கள் வீடு தண்டையார்பேட்டையில். தெருவில் தண்ணீர் லாரி வந்தால் ஹாரன் அடிப்பார்கள். லாரி வந்திருக்கிறது என்பதற்கு மேல் அந்த ஹாரன் எதையும் சொல்லாது, எத்தனை குடம் கிடைக்கும் என்பது நாம் போய் நின்று பிடித்தால்தான் தெரியும். ஃபைலில் எழுதியதும் வரும் இன் மாடிஃபை என்கிற அறிவிப்பும் அப்படித்தான். எழுதப்பட்ட வரியை அது கையில் கொடுப்பதில்லை, எத்தனை பைட் என்றுகூடச் சொல்லாது. அதோடு, நாம் இன்னும் படிக்காத அறிவிப்பும் அடுத்து வருவதும் ஒரே மாதிரி இருந்தால் கர்னல் இரண்டையும் ஒன்றாக்கிவிடும், ஆக பத்து தடவை எழுதினாலும் ஹாரன் ஒன்றுதான் கேட்கலாம். நான் முதலில் ஒரு அறிவிப்புக்கு ஒரு வரி படித்தேன், அது தப்பு. கடைசியாக எந்த பைட் வரை படித்தோம் என்பதை நாமே வைத்திருந்து, ஹாரன் கேட்டால் ஃபைல் தீர்கிற வரை படிக்க வேண்டும். கடைசியில் அரை வரி வந்தால் வரி முடியும் குறி வருகிற வரை அதைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும்.

விழுந்த பிறகு வியாசர்பாடியில் இருக்கிற எங்கள் சீனியர் அக்காவைப் பார்க்கப் போனேன். புரோகிராமைக் கேட்பார் என்று நினைத்து லேப்டாப்பைத் திறந்தேன். அவர் அதைத் தன் பக்கம் திருப்பி இரண்டு டெர்மினலைத் திறந்து வைத்துவிட்டு, "தம்பி, கோட் அப்புறம். முதல்ல ஃபைலை நீயே உடைச்சுப் பாரு, ஒவ்வொரு உடைசலுக்கும் என்ன சத்தம் வருதுன்னு எழுதிக்கோ" என்றார். நான் தேறியதற்குக் காரணம் அந்த ஒரு மாலைதான் என்று நம்புகிறேன்.

நீங்களும் அதையே செய்யுங்கள். சிஸ்டம் லாக் ஃபைலான சிஸ்லாகைப் படிக்க உபுண்டுவில் உங்கள் பயனர் ஏடிஎம் என்கிற குழுவில் இருக்க வேண்டும், அதோடு மல்லுக்கட்டாமல் முதலில் சொந்தமாக ஒரு ஃபைலை வைத்துப் பழகலாம், அப்புறம் லாகர் கட்டளையால் உண்மையான லாகிலேயே வரி போடலாம். ஒரு டெர்மினலில், வரும் அறிவிப்பைக் காட்டும் இனோட்டிஃபைவெயிட் கட்டளை ஓடட்டும், இன்னொன்றில் உடையுங்கள்.

பெயரை மாற்றிப் பாருங்கள். வருவது இன் மூவ் செல்ஃப். எல்எஸ் கட்டளையோடு ஐ போட்டு ஐநோட் எண்ணை, அதாவது பெயர் எதுவானாலும் ஃபைலை அடையாளம் காட்டும் எண்ணைப் பார்த்தால், பெயர் மாறிய பழைய ஃபைலுக்கும் அதே எண்தான் இருக்கும். நாம் வைத்த வாட்ச் பெயரைக் கவனிக்கவில்லை, அந்த ஐநோடைக் கவனிக்கிறது. லாக்ரொட்டேட் பழைய ஃபைலின் பெயரை மாற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கும்போது நம் வாட்ச் பழையதோடு போய்விடுகிறது. நான் விழுந்தது இங்கேதான். ஃபைலின் கடைசி வரிகளைக் காட்டும் டெய்ல் கட்டளையில் சிறிய எஃப்புக்கும் பெரிய எஃப்புக்கும் உள்ள வித்தியாசமும் இதுவே, சிறியது திறந்த ஃபைலைத் தொடரும், பெரியது பெயரைத் தொடரும். ஆகவே ஃபைலுக்கு ஒரு வாட்ச், அது இருக்கிற ஃபோல்டருக்கு ஒரு வாட்ச் என்று இரண்டு வையுங்கள், ஃபோல்டரில் அதே பெயரோடு இன் கிரியேட் வந்தால் புதியது பிறந்துவிட்டது. ஆனால் உடனே பழையதை மூடிவிடாதீர்கள். லாக் எழுதுகிற சேவைக்குச் சிக்னல் போய் அது புதிய ஃபைலைத் திறக்கும் வரை பழையதில்தான் எழுதிக்கொண்டிருக்கும், அந்த இடைவெளியில் விழும் வரிகளும் நம் வரிகள்தான். புதியதில் வரி வரத் தொடங்கிய பிறகு பழையதை இன்னொரு முறை கடைசி வரை படித்துவிட்டு மூடுங்கள்.

அடுத்து, அழித்துப் பாருங்கள். இன் டெலீட் செல்ஃப் வரும் என்று காத்திருந்தேன், வரவே இல்லை. அரை மணி நேரம் கோடில் பிழை தேடினேன். கோடில் பிழை இல்லை. என் புரோகிராமே அந்த ஃபைலைத் திறந்து வைத்திருந்ததால் ஐநோட் இன்னும் சாகவில்லை, பெயர் மட்டும்தான் போயிருந்தது. அந்த நேரத்தில் வருவது இன் ஆட்ரிப், லிங்க் எண்ணிக்கை, அதாவது அந்த ஐநோடுக்கு எத்தனை பெயர் என்பது, மாறியதைச் சொல்கிறது. ஃபைலை மூடிய அந்தக் கணமே டெலீட் செல்ஃப் வந்து விழுந்தது. இதை வாய்மொழித் தேர்வில் அப்படியே கேட்டார்கள். பார்த்ததைச் சொன்னேன், ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மூன்றாவது, காப்பிட்ரங்கேட். லாக்ரொட்டேட்டில் இந்த விருப்பத்தைப் போட்டால் லாகை வேறு இடத்துக்குப் பிரதி எடுத்துவிட்டு அதே ஃபைலைப் பூஜ்யமாக்கும். ஐநோட் மாறாது, வருவதும் வழக்கமான இன் மாடிஃபைதான். நாம் 40,000ஆவது பைட்டில் நிற்கிறோம், ஃபைலோ இப்போது 200 பைட் என்றால், ரீட் எதுவும் தராது, நாமும் ஒன்றும் இல்லை என்று திரும்பிவிடுவோம். ஒவ்வொரு ஹாரனுக்கும் முதலில் ஃபைலின் அளவைப் பாருங்கள், நம் இடத்தைவிடச் சிறியதாக இருந்தால் பூஜ்யத்திலிருந்து தொடங்குங்கள்.

எழுதும்போது இரண்டு இடத்தில் கை கவனமாக இருக்கட்டும். அறிவிப்பு ஒவ்வொன்றும் ஒரே நீளம் இல்லை, ஃபோல்டர் வாட்ச் என்றால் பின்னால் ஃபைல் பெயரும் ஒட்டிக்கொண்டு வரும், அதன் நீளத்தைச் சேர்த்துத்தான் அடுத்ததற்குத் தாவ வேண்டும். அறிவிப்பை வாங்கி வைக்கும் இடமான பஃபர் சிறியதாக இருந்தால் ரீட் பிழையோடு திரும்பும். இன்னொன்று, எதை முதலில் செய்வது என்பது. ஃபைலைக் கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் வாட்ச் வைத்தால் நடுவில் எழுதப்பட்டதற்கு ஹாரன் கிடையாது. வாட்ச் முதலில், படிப்பது பிறகு. இந்த ஒன்றுக்குத்தான் பாதிப் பேருக்கு மார்க் போகும் என்பது என் எண்ணம்.

நாம் இன்னும் படிக்காத அறிவிப்புகள் காத்திருக்கும் வரிசை நிரம்பி வழிந்தால் இன் க்யூ ஓவர்ஃப்ளோ வரும், வழக்கமான எல்லை 16,384 அறிவிப்புகள். அது வந்தால் எதையும் நம்பாமல் அளவு, ஐநோட் எல்லாவற்றையும் முதலிலிருந்து சரிபாருங்கள். நெட்வொர்க்கில் ஃபைலைப் பகிரும் என்எஃப்எஸ் வழியாக இன்னொரு கணினி எழுதினால் இனோட்டிஃபைக்குத் தெரியாது என்பதையும் சொல்லத் தெரிந்திருந்தால் போதும்.

வாய்மொழியில் விண்டோஸும் வரும். நோட்டிஃபை சேஞ்ச் ஈவென்ட் லாக் என்கிற பழைய ஃபங்ஷன் உள்ளூர் லாகுக்கு மட்டும்தான், அது ஐந்து நொடிக்கு ஒரு தடவைக்கு மேல் சொல்லாது, அந்தக் கணத்தில் நம் புரோகிராம் காத்துக்கொண்டிருக்காவிட்டால் அறிவிப்பு போனது போனதுதான். விஸ்டாவிலிருந்து இருக்கிற ஈவிடி சப்ஸ்கிரைப்தான் நல்ல வழி, நிகழ்வையே கையில் தரும், புக்மார்க் வைத்தால் புரோகிராம் நின்று ஓடினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். லினக்ஸில் லாகைச் சேர்த்து வைக்கும் சிஸ்டம்டி ஜர்னலில் இதே வேலைக்கு எஸ்டி ஜர்னல் வெயிட், புக்மார்க்குக்குப் பதில் கர்சர். அங்கே ஃபைல் சுழற்சியை லைப்ரரியே பார்த்துக்கொள்ளும். எனக்குக் கேட்ட கேள்வி, "அப்படியென்றால் எதற்கு இனோட்டிஃபை?" என்பது. ஜர்னலுக்குப் போகாமல் நேராக ஃபைலில் எழுதும் சேவைகள் இன்னும் நிறைய இருக்கின்றன என்று சொன்னேன், ஏற்றுக்கொண்டார்கள்.

தேர்வுக்கு முந்தின வாரம் நான் செய்தது இது ஒன்றுதான். 1 முதல் 10,000 வரை எண் போட்டு வரி எழுதும் சின்ன ஸ்கிரிப்ட், நடுநடுவே பெயரை மாற்றும், சில சமயம் பழையதிலேயே கொஞ்சம் எழுதிவிட்டுப் புதியதுக்குப் போகும். இன்னொரு பக்கம் என் புரோகிராம் தந்த எண்களில் எது விட்டுப்போனது, எது இரண்டு தடவை வந்தது என்று பார்ப்பேன். முதல் நாள் 212 வரி காணோம், நாலாம் நாள் மூன்று. அந்த மூன்றும் பழைய ஃபைலை அவசரப்பட்டு மூடியதால் போனவை. ஐந்தாம் நாள் ராத்திரி பதினொரு மணிக்கு, எத்தனை தடவை ஓட்டினாலும் பத்தாயிரமும் வந்தது. லேப்டாப்பை மூடிவிட்டு அம்மாவிடம் போய்ச் சொன்னேன், காலையில் சீக்கிரம் எழுப்பு, ஆறு மணி மெட்ரோவைப் பிடிக்க வேண்டும் என்று.