பாத்ரே மார்த்தினியின் ஆலயத்தில்

இத்தாலியின் பொலோனா நகரிலுள்ள புனித பிரான்சிஸ் பேராலயத்தில் காலைத் திருப்பலி முடிந்து எல்லோரும் கலைந்த பின்னும், பீடத்தின் பின்னே உயர்ந்து நிற்கும் சலவைக்கல் சிற்பங்களில் அன்னை மரியா முடிசூட்டப்படும் காட்சியைப் பார்த்தபடி அமர்ந்திருந்தேன். அசிசியாரின் துறவிகள் 1236இல் கட்டத் தொடங்கிய இவ்வாலயத்தில்தான், ஜொவான்னி பத்திஸ்தா மார்த்தினி என்னும் பிரான்சிஸ்கன் துறவி 1725இல், தம் 19ஆம் வயதில், பாடகர் குழுவின் பொறுப்பை ஏற்றார். 1784இல் இறைவனடி சேரும்வரை இந்நகரே அவருக்கு உலகம். அவரிடம் இசைப் பாடம் கேட்க ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். ஜெர்மானிய இசையமைப்பாளர் யோகான் செபாஸ்தியான் பாக்கின் கடைசி மகனும் அவர்களுள் ஒருவர்.

அங்கிருந்து வளைவுத் தாழ்வாரங்களின் நிழலிலேயே நடந்து, மார்த்தினியின் நூல்கள் இருக்கும் இசை அருங்காட்சியகத்தை அடைந்தேன். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்த ஒருவர் ஏறத்தாழ 17,000 நூல்களைச் சேர்த்திருந்தார் என்பது எனக்கு முதலில் உறுத்தலாகவே இருந்தது. ஆனால், தேடி வந்தவர்களுக்குக் கற்பிப்பதற்கும், தொலைவிலிருந்து ஐயம் கேட்டு எழுதியவர்களுக்கு மடல் வழியே விளக்குவதற்குமே அவை பயன்பட்டன என்று அறிந்தபோது, அந்த நூலகமும் அவர் பிறருக்கு அளித்த கொடையாகவே எனக்குத் தோன்றியது. நெப்போலியன் காலத்தில் மடம் கலைக்கப்பட்டு ஆலயம் சுங்கக் கிடங்காக மாறியபோது, அவருடைய மாணவரும் அதே சபைத் துறவியுமான ஸ்தனிஸ்லாவோ மத்தேயி அந்நூல்களைக் காப்பாற்றினார். பின்னாளில் இசை நாடகங்களால் புகழ்பெற்ற ரோசினிக்கும் தோனிசெத்திக்கும் கற்பித்தவர் இந்த மத்தேயியே.

நான் நெடுநேரம் நின்றது மோசார்ட்டின் தேர்வுத் தாளின் முன்னேதான். 1770 அக்டோபரில், 14 வயதுச் சிறுவனாக, பொலோனாவின் இசைக் கழகத்தில் உறுப்பினராவதற்காக, பூட்டிய அறைக்குள் அமர்ந்து, கிரகோரியன் மெட்டு எனப்படும் பழைய இலத்தீன் வழிபாட்டு இசை ஒன்றைக் கீழ்க்குரலில் வைத்து அதன்மேல் மூன்று குரல்களை அவன் இழைக்க வேண்டியிருந்தது. அவன் எழுதியது மரபின் கடுமையான விதிகளுக்கு முழுமையாக உடன்படவில்லை. மார்த்தினி அதைத் திருத்தி எழுதினார். திருத்திய வடிவத்தைச் சிறுவன் தன் கையால் படியெடுத்துக் கொடுத்தான் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதை விதிமீறல் என்று சொல்வோர் சொல்லட்டும். தன் புலமையை ஒரு சிறுவனின் பெயருக்குள் மறைத்துக்கொண்ட துறவியையே நான் அதில் கண்டேன். ஆறு ஆண்டுகள் கழித்து, தாம் உலகில் மிகவும் நேசித்து மதிக்கும் மனிதரை விட்டுத் தொலைவில் இருப்பதற்கு வருந்தி, மோசார்ட் அவருக்கு மடல் எழுதினார்.

அந்தத் தாளில் உள்ள முன்மொழி, அதாவது வழிபாட்டில் பாடப்படும் சிறு வாசகம், முதலில் இறைவனின் அரசைத் தேடுங்கள் என்பதாகும். மாலையில் பேராலயத்துக்குத் திரும்பி, அதைத் தாழ்ந்த குரலில் ஒருமுறை சொல்லி முழந்தாளிட்டேன்.