இரண்டாவது சோலார் பேனல் சேர்த்த அனுபவம்: பாதி வேலை ஒயரில்தான்

வெளி மின்இணைப்பு இல்லாத சின்ன சோலார் அமைப்பு எங்களுடையது. 100 வாட் பேனல் ஒன்று, பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் 10 ஆம்பியர் பிடபிள்யூஎம் (சாதாரண வகை) சார்ஜ் கன்ட்ரோலர், 12 வோல்ட் 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரி. அதில் மூன்று எல்இடி விளக்கும் ஒரு டிசி மின்விசிறியும் ஓடுகின்றன. நடு ராத்திரியில் மின்விசிறி நின்றுபோகத் தொடங்கியதும், "பேட்டரி போச்சு, மாத்திடு" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

நான் முதலில் கன்ட்ரோலரைக் கவனித்தேன். பேட்டரி நிறையும்போது 14.4 வோல்ட் வரை ஏறி, பிறகு 13.6 பக்கம் இறங்கி ஃப்ளோட்டில், அதாவது நிறைந்த பேட்டரியை அப்படியே தாங்கிப் பிடிக்கும் நிலையில், நிற்க வேண்டும். நல்ல வெயில் அடித்த நாட்களிலும் சாயங்காலம் வரை அது ஃப்ளோட்டுக்கு வரவே இல்லை. ஆசிட் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரால் பார்த்தபோது ஆறு செல்களிலும் அது ஒரே அளவில் குறைந்திருந்தது. செத்த செல் ஏதாவது இருந்திருந்தால் அது மட்டும் தனியாகக் காட்டிக் கொடுத்திருக்கும். ஆக, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது, வரவுதான் போதவில்லை. மதியமே ஃப்ளோட்டுக்கு வந்துவிட்டு ராத்திரியில் கைவிடும் பேட்டரியின் கதை வேறு. அதற்குப் பேனல் சேர்த்துப் பயனில்லை.

கணக்கும் அதையேதான் சொன்னது. பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் பேனலைப் பேட்டரியின் வோல்டேஜுக்கே இழுத்துவிடும். 100 வாட் பேனலின் 5.5 ஆம்பியரை 13 வோல்ட்டால் பெருக்கினால் 72 வாட்தான் வரும். எங்கள் கூரைக்குக் கிடைக்கும் நாலரை மணி நேர முழு வெயிலில் சுமார் 320 வாட்-மணி. பேட்டரிக்குள் போய் வருவதில் ஐந்தில் ஒரு பங்கு கழிந்தால் மிஞ்சுவது 260. செலவோ 28 வாட் மின்விசிறி பத்து மணி நேரம், 9 வாட் விளக்குகள் மூன்றும் ஐந்து மணி நேரம் என்று 415 வாட்-மணி.

அதனால் இன்னொரு பேனல் தேடினேன். பழைய பேனலின் ஜோடி கிடைக்கவில்லை. 150 வாட் பேனல் கிடைத்தது. அதன் வேலை செய்யும் வோல்டேஜும் 18தான், ஆம்பியர் 8.3. இரண்டையும் சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) போட்டால் சின்ன பேனலின் 5.5 ஆம்பியருக்குத்தான் பெரியதும் ஓட முடியும். பேரலலில் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) போட்டால் இரண்டும் கூடி 13.8. அதோடு, பிற்பகலில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் பழைய பேனல் மேல் விழுகிறது. பேரலலில் ஒன்றின் நிழல் மற்றதைப் பெரிதாகப் பாதிக்காது. வாட் வேறாக இருந்தாலும் பரவாயில்லை, வோல்டேஜ் ஒத்துப்போக வேண்டும். இதை எண்ணி பேரலலையே தேர்ந்தெடுத்தேன்.

அடுத்தது ஒயர். பேனலில் எழுதியிருக்கும் 18 வோல்ட் 25 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. கொளுத்தும் வெயிலில் செல்லின் சூடு 60 டிகிரியைத் தொடும். டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் வீதம் குறைந்து, 18 வோல்ட் 15.5 ஆகிவிடும். பேட்டரிக்குத் தேவை 14.4. நடுவில் இருப்பது ஒரு வோல்ட் சொச்சம். கூரையிலிருந்து கன்ட்ரோலர் வரை பத்து மீட்டர், போக வர இருபது. ஏற்கெனவே ஓடும் 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயரில் 5.5 ஆம்பியர் போகும்போது 0.8 வோல்ட்தான் குறைகிறது, தாங்கும். அதே ஒயரில் 13.8 ஆம்பியரை விட்டால் 2 வோல்ட் போய்விடும். மிச்சம் 13.5. அப்படியானால் புதுப் பேனலின் உழைப்பில் நல்ல பங்கு ஒயரைச் சூடாக்கவே போகும், உச்சி வெயிலில் பேட்டரியும் நிறையாது. 6 ஸ்கொயர் செப்புக் கேபிளில் இழப்பு 0.9 வோல்ட்தான். அதை வாங்கினேன். பேனலுக்குச் செலவு செய்துவிட்டுக் கேபிளில் மிச்சம் பிடிப்பதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை.

கன்ட்ரோலரை மாற்றித்தான் ஆக வேண்டியிருந்தது. இரண்டு பேனலின் ஷார்ட் சர்க்யூட் கரண்ட், அதாவது பேனல் தரக்கூடிய உச்ச கரண்ட், சேர்ந்து 15 ஆம்பியர், அதோடு கால் பங்கு கூட்டினால் 19 அளவில் வரும். எனவே 20 ஆம்பியர். பேனலின் அதிக வோல்டேஜையும் வீணாக்காமல் பயன்படுத்தும் எம்பிபிடி கன்ட்ரோலரை வாங்கச் சொன்னவர்கள் உண்டு. சீரிஸில் போடுகிறவர்களுக்கு அது நல்ல வழி, மெல்லிய ஒயரே போதும். ஆனால் 12 வோல்ட் பேரலலில், சூட்டில் 15.5 வோல்ட்டுக்கு இறங்கும் பேனலில் அது கூடுதலாகப் பிழிந்தெடுக்க அதிகம் இல்லை. பிடபிள்யூஎம் கன்ட்ரோலரையே வைத்தேன்.

மாட்டும்போது வரிசை முக்கியம். கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி. மாட்டும்போது முதலில் பேட்டரி, கடைசியில் பேனல். வெயில் படும் பேனலுக்கு ஸ்விட்ச் கிடையாது என்பதால் இரண்டையும் கெட்டித் துணியால் மூடிவிட்டு வேலை செய்தேன். கரண்ட் ஓடும்போது பேனல் ஒயர்களின் எம்சி4 கனெக்டரைப் பிடுங்கவே கூடாது, டிசி தீப்பொறி லேசில் அணையாது. இரண்டு ஒயரை ஒன்றாக்கும் ஒய் கனெக்டரில் சேர்ப்பதற்கு முன் துணியை விலக்கி, ஒவ்வொரு பேனலின் பிளஸ் மைனஸையும் மல்டிமீட்டரில் தனித்தனியே பார்த்தேன். இரண்டு பேனல் மட்டும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் தனி பியூஸ் தேவைப்படவில்லை. ஒன்றில் பழுது வந்தாலும் மற்றதிலிருந்து அதற்குள் பாயக்கூடியது 9 ஆம்பியர்தான், லேபிளில் உள்ள வரம்பு 15. மூன்றாவது சேர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் பியூஸ் வேண்டும். பேட்டரி பிளஸ்ஸை ஒட்டி 25 ஆம்பியர் பியூஸ் ஒன்று போட்டேன், அது எப்போதும் இருக்க வேண்டியது.

புதுப் பேனலைப் பழையதைப் போலவே நண்பகல் வெயிலுக்கு நேராக வைக்காமல் சற்று மேற்கே திருப்பினேன். தொட்டி நிழல் பழையதை மறைக்கும் நேரத்தில் இது தாங்கிப் பிடிக்கிறது. கூரைக்கும் பேனலுக்கும் நடுவே காற்றுப் போக ஒரு சாண் இடைவெளி விட்டதும் வோல்டேஜுக்காகத்தான்.

இப்போது உச்சி வெயிலில், ஒயரைக் கவ்வி கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் 11, 12 ஆம்பியர் காட்டுகிறது. 13.8 வராது, அது லேப் கணக்கு. 100 ஏஎச் பேட்டரிக்கு இது அளவான சார்ஜ்தான். தெளிவான நாட்களில் மதியம் தாண்டியதும் ஃப்ளோட்டுக்கு வந்துவிடுகிறது, மின்விசிறி விடியும் வரை ஓடுகிறது. பேட்டரி தினமும் நிறைவதால் தண்ணீர் முன்பைவிடச் சீக்கிரம் குறைகிறது. ஆகவே டிஸ்டில்டு வாட்டர் மட்டத்தை அடிக்கடி பார்க்கிறேன், பேட்டரி இருக்கும் அறையின் ஜன்னலையும் பகலில் திறந்தே வைக்கிறேன்.