பத்து ரூவா காசும் நாலாவது பெஞ்சும்

ஜூலை 3, வியாழன்

ப்ளஸ் ஒன்னுல பாதி பேர் வேற வேற ஸ்கூல்ல இருந்து வந்தவங்க, யாருக்கும் என்னைப் பத்தி தெரியாது, அதனால இன்னைக்கு லஞ்ச் பிரேக்ல மேஜிக் காட்ட காசை வெளிய எடுத்தேன். சீட்டுக்கட்டு ஸ்கூலுக்கு கொண்டு போகவே முடியாது, பார்த்த உடனே சூதாட்டம்னு நினைச்சு அப்பாவ கூட்டிட்டு வான்னுடுவாங்க. காசு, ரப்பர் பேண்டு, பேனா மூடின்னா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. அதுலயும் எனக்கு பத்து ரூவா காசுதான். 27 மில்லிமீட்டர் அகலம், ஓரம் ஒரு கலர் நடுவுல ஒரு கலர், அடுத்த பெஞ்ச்ல இருந்து பார்த்தாலும் பளிச்னு தெரியும். எங்க ஏரியால பல கடைல அதை வாங்கவே மாட்டாங்க, ஆனா என் விரலுக்கு அளவெடுத்து செஞ்ச மாதிரி இருக்குது.

வலது கைல இருந்து இடது கைக்கு போன காசு அங்க இல்ல, பக்கத்துல இருந்தவனோட ஜியாமென்ட்ரி பாக்ஸ்க்கு அடில இருந்துச்சு. மூணு பேருக்கு ஆரம்பிச்சது முடியறப்போ பெஞ்ச சுத்தி கூட்டம். ஒருத்தன் மட்டும் சிரிக்காம கேட்டான், "டேய் நெஜமாவே உனக்கு மந்திரம் எதாச்சும் தெரியுமா?" தெரியாதுடா, பழக்கம்தான்னு சொன்னேன். அவன் நம்பின மாதிரி தெரியல.

ஜூலை 8, செவ்வாய்

எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், உன் கை செம ஸ்பீடுடா. ஸ்பீடே கிடையாது, மெதுவாதான் பண்றேன். சடார்னு கை அசைஞ்சாதான் பாக்கறவங்களுக்கு சந்தேகமே வரும். காசு நடுவிரல் மோதிரவிரல் அடில, மடிப்புல உக்காந்திருக்கும், அதை வெச்சுகிட்டே அந்த கை சும்மா இருக்கற கை மாதிரியே இருக்கணும், கஷ்டம் அங்கதான். நான் அந்த கைல காசை வெச்சுகிட்டே பஸ்ல கம்பி பிடிப்பேன், தண்ணி பாட்டில் மூடி திறப்பேன், கெமிஸ்ட்ரி பீரியட் முழுக்க நோட்டு பிடிச்சுட்டு உக்காந்திருப்பேன். ஒரு கட்டத்துல காசு இருக்கறதே கைக்கு மறந்துடும், அப்புறம்தான் அதை வெளிய காட்டலாம்.

மீதி வேலையெல்லாம் கண்ணுதான். காலியா இருக்கற கைய நான் உண்மையாவே பாக்கணும், உள்ள காசு இருக்குதுன்னு நானே நம்பி பாக்கணும், அப்போதான் எதிர்ல இருக்கவங்க கண்ணும் அங்க போகும். நான் மறைச்ச கைய ஒரு செகண்ட் எட்டிப் பார்த்தாலும் போச்சு. சிலர் கைய விட்டு கண்ணை எடுக்கவே மாட்டாங்க, அவங்ககிட்ட பேர் சொல்லி ஒரு கேள்வி கேட்டா போதும், பதில் சொல்றதுக்கு முகத்தை நிமிர்ந்து பார்த்தே ஆவாங்க.

அப்புறம் இடம். ஸ்டேஜ்ல பண்றவங்களுக்கு ஆளுங்க முன்னாடி மட்டும்தான் இருப்பாங்க, கிளாஸ்ல பின்னாடி பெஞ்ச் மேல ஏறி நின்னு எட்டிப் பார்ப்பானுங்க. அதனால நாலாவது பெஞ்ச் சுவர் ஓரம்தான் என் இடம், முதுகுக்கு பின்னாடி சுவர். எவர்சில்வர் டிபன் பாக்ஸ் மூடி எதிர்ல இருந்தா கவுத்து வெச்சுடுவேன், அதுல கையோட அடிப்பக்கம் தெரியும்.

ஜூலை 11, வெள்ளி

"இன்னொரு தடவை பண்ணு, கண்டுபிடிச்சு காட்றேன்." தினமும் இதான். ஒரே வித்தைய திரும்ப பண்ணாதன்னு எல்லா மேஜிக்காரங்களும் சொல்லுவாங்க. ஆனா எனக்கு ரொம்ப பிடிச்ச கதை 1922ல சிகாகோல நடந்தது. எந்த வித்தையா இருந்தாலும் மூணு தடவை பார்த்தா கண்டுபிடிச்சுடுவேன்னு அப்போ பெரிய மேஜிக்காரரா இருந்த ஹூடினி சவால் விட்டுட்டு இருந்தாரு. டாய் வெர்னான்னு இன்னொரு மேஜிக்காரர் அவரையே ஒரு சீட்டுல கையெழுத்து போட வெச்சு, அதை மேல இருந்து ரெண்டாவதா சொருகினா திரும்ப மேலயே வந்து நிக்குது, திரும்பத் திரும்ப பண்றாரு, ஹூடினியால கடைசி வரைக்கும் சொல்ல முடியல. வெர்னான் 1992 வரைக்கும் இருந்தாரு, சாகற வரைக்கும் ஹூடினிய ஏமாத்தின ஆள்னுதான் பேரு.

அதனால இப்போ கேட்டா திரும்ப பண்றேன், ஆனா ஒவ்வொரு தடவையும் வேற வழி. ஒரு தடவை காசு மறைஞ்சது கைமாத்தும்போது, அடுத்த தடவை பேனாவ எடுக்க பாக்கெட்டுக்கு போகும்போது. போன தடவை எங்க ஏமாந்தோம்னு அவங்க யோசிச்சு வெச்ச இடத்துல இந்த தடவை ஒண்ணுமே நடந்திருக்காது.

ஜூலை 17, வியாழன்

ரப்பர் பேண்டு ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூந்து வெளிய வர்றது, ஹிட். உருண்டையா வெட்டின ஸ்பான்ஜ் இன்னும் பெரிய ஹிட். முதல் பெஞ்ச் பொண்ணு ஒண்ணை கைக்குள்ள வெச்சு இறுக்கி மூடிக்கிச்சு, என் கைல இருந்தது காணோம், அவ கை திறந்தா ரெண்டு துள்ளி வெளிய விழுந்துச்சு. அந்த கத்தல் ஸ்டாஃப் ரூம் வரைக்கும் கேட்டுருக்கும். இதை எப்படின்னு இங்க எழுதமாட்டேன். என் கைல நடக்கறத விட அவங்க கைலயே நடந்தா அதோட மகிமையே வேற, ஏமாந்தோம்னு யாருக்கும் கோவம் வராது, வீட்ல போய் அவங்களே கதை சொல்லுவாங்க.

ஜூலை 22, செவ்வாய்

மொத நாள் மந்திரமான்னு கேட்டானே, இன்னைக்கு தனியா வந்தான். அவங்க பாட்டி ஒரு சாமியார்கிட்ட போறாங்களாம், வெறும் கைல இருந்து விபூதி வரவெச்சு குடுக்கறாராம், நிறைய காசு குடுத்துட்டாங்களாம். "நீ பண்றதும் அதுவும் ஒண்ணா?" மனசு கஷ்டமா போச்சு. ஒண்ணுதான்டான்னு சொன்னேன். சாம்பலை கஞ்சில பிசைஞ்சு உருண்டை பிடிச்சு காய வெச்சு, கட்டை விரல் இடுக்குல மறைச்சு வெச்சுட்டு நசுக்கினா பொலபொலன்னு கொட்டும். நம்ம கோவை போத்தனூர்ல இருந்த பிரேமானந்த், 2009ல காலமானாரு, ஊர் ஊரா போய் மேடைல இதை பண்ணிக் காட்டிட்டு, எப்படின்னும் சொல்லிக் குடுத்தவரு. 1584லயே இங்கிலாந்துல ரெஜினால்ட் ஸ்காட்னு ஒருத்தர் காசு வித்தை, பந்து வித்தையெல்லாம் புஸ்தகத்துல விளக்கிட்டாரு, சூனியக்காரங்கன்னு ஆளுங்கள கொல்றத எதிர்த்து எழுதினது அது.

காசு வித்தைய யார் கேட்டாலும் சொல்லமாட்டேன், அதுல யாருக்கும் நஷ்டம் இல்ல. விபூதிய சொல்லியே ஆவேன். பிசிக்ஸ் சார்கிட்ட கேட்டேன், அடுத்த வாரம் கிளாஸ்ல பண்ணிக் காட்டு, அப்புறம் பசங்களையும் பண்ண வைன்னு சொல்லிட்டாரு. அம்மாகிட்ட அரிசி கஞ்சி வாங்கி பிசைஞ்சாச்சு. கஞ்சி அதிகமானா உருண்டை நசுங்கமாட்டேங்குது, கம்மியானா எடுக்கும்போதே உதிருது, நாளைக்கு அளவை மாத்திப் பார்க்கணும். அவன் ஒரு உருண்டை எனக்கும் வேணும்னு சொல்லிருக்கான், பாட்டி முன்னாடி அவனே பண்ணப் போறானாம்.