ஆறுகளில் தொடங்கி அமெரிக்காவை வரைகிறேன்

அட்லஸைப் பார்க்காமல் அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களையும் வரைந்துவிட வேண்டும் என்று கொஞ்ச காலமாகப் பயிற்சி செய்து வருகிறேன். இப்போதைய வரைபடம் இரண்டு சார்ட் தாள்களை ஒட்டிச் செய்தது. 1 செ.மீ.க்கு 50 கி.மீ. என்று அளவு வைத்தேன். அலாஸ்கா, ஹவாய் நீங்கலாகப் பார்த்தால் கடற்கரைக்குக் கடற்கரை ஏறத்தாழ 4,500 கி.மீ., தாளில் 90 செ.மீ. அட்சக்கோடுகள், தீர்க்கக்கோடுகள், கடற்கரை, ஆறுகள், மலைகள் எல்லாம் முடிந்த பிறகே மாநில எல்லைகளில் கை வைப்பது என்ற வரிசையைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறேன். எல்லைகளை முதலில் மனப்பாடம் செய்தால் அவை ஒரு வாரத்தில் மறந்துவிடும். ஆறுகள் அப்படியல்ல, அவை எங்கே பிறந்து எங்கே போகின்றன என்பதற்குக் காரணம் இருக்கிறது.

முதல் நீலக் கோடு மிசிசிப்பி. மினசோட்டாவில் இடாஸ்கா ஏரியில் தொடங்கித் தெற்கே மெக்சிகோ வளைகுடா வரை. அடுத்தது மொன்டானாவிலிருந்து இறங்கி, செயின்ட் லூயிஸுக்குச் சற்று வடக்கே அதனுடன் சேரும் மிசூரி. தனியாக அளந்தால் நாட்டின் மிக நீளமான ஆறு இதுதான். மூன்றாவது, பிட்ஸ்பர்கில் இரண்டு ஆறுகள் கூடிப் பிறக்கும் ஒஹாயோ. இந்த மூன்றையும் போட்டதும் நாட்டின் நடுப்பகுதி தானாகவே பிரிந்து நிற்கிறது. மிசிசிப்பியின் கிழக்குக் கரையில் விஸ்கான்சின், இல்லினாய், கென்டக்கி, டென்னசி, மிசிசிப்பி. மேற்குக் கரையில் மினசோட்டா, அயோவா, மிசூரி, ஆர்கன்சா, லூசியானா. பத்து மாநிலங்களுக்கு ஒரே கோடு!

ஆனால் ஆறு இடம் மாறும். எல்லை அதனுடன் மாறுமா? இந்த வரைபடத்தில் நான் அதிக நேரம் செலவிட்டது இந்தக் கேள்விக்குத்தான். கரை சிறிது சிறிதாக அரிக்கப்பட்டு ஆறு நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும். வெள்ளத்தில் ஆறு ஒரேயடியாகப் புதுப்பாதை வெட்டிக்கொண்டால் எல்லை பழைய இடத்திலேயே நிற்கும். 1877-இல், அயோவாவுக்கும் நெப்ராஸ்காவுக்கும் எல்லையான மிசூரி ஆறு, நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரத்தருகே ஒரு வளைவைத் துண்டித்துக்கொண்டு போனது. அயோவாவின் ஒரு துண்டு நெப்ராஸ்கா பக்கம் சிக்கிக்கொண்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1892-இல் இந்த விதியின்படியே தீர்ப்பு வந்தது. கார்ட்டர் லேக் என்ற அந்த ஊர் இன்றும் அயோவாவுக்குச் சொந்தம், ஆற்றின் மேற்கே ஒமாஹாவை ஒட்டியபடி. இல்லினாயின் முதல் தலைநகரான கஸ்காஸ்கியாவின் கதையும் இதுவே. 1881 வெள்ளத்துக்குப் பிறகு அது மிசிசிப்பியின் மேற்குக் கரைக்குப் போய்விட்டது. என் அளவில் இவை ஊசிமுனைப் புள்ளிகள். அதனால் ஓரத்தில் இரண்டையும் தனிப்பெட்டிகளில் பெரிதாக வரைந்தேன். பழைய ஆற்றுப்படுகைக்கு வெளிர்நீலம், இன்றைய ஓட்டத்துக்கு அடர்நீலம், எல்லைக்குச் சிவப்பு. சிவப்பு வெளிர்நீலத்தோடு வளைந்து போக, அடர்நீலம் வேறு பக்கம் போவதைப் பார்த்தாலே விதி விளங்கிவிடும்.

ஒஹாயோ ஆற்றில் இன்னொரு நுணுக்கம். கென்டக்கியின் எல்லை ஆற்றின் நடுவில் ஓடவில்லை. 1792-இல் நீர் வற்றியிருந்தபோது வடகரை எங்கே இருந்ததோ அதுதான் எல்லை. எனவே சிவப்புக் கோட்டை நீலத்தின் நடுவில் போடாமல் வடவிளிம்பை ஒட்டிப் போட வேண்டும்.

ராக்கி மலைத்தொடரை எட்டியதும் ஆறுகளின் உதவி குறைகிறது. அங்கே எல்லைகளை வாஷிங்டனில் காகிதத்தில் வகுத்தார்கள். கொலராடோ 37-க்கும் 41-க்கும் இடைப்பட்ட அட்சங்கள், வயோமிங் 41-க்கும் 45-க்கும் இடைப்பட்டவை. செவ்வகம்தானே என்று அளவுகோலை வைத்து இழுத்துவிட முடியாது. தீர்க்கக்கோடுகள் வடக்கே போகப் போக நெருங்குவதால் கொலராடோவின் தென்விளிம்பு வடவிளிம்பைவிட ஏறத்தாழ 35 கி.மீ. நீளம். என் தாளில் அது 7 மி.மீ. தீர்க்கக்கோடுகளை முதலில் சரியாகப் போட்டிருந்ததால் அந்த 7 மி.மீ. தானாகவே வந்து அமைந்தது. அதைக் கண்டபோது கிடைத்த மகிழ்ச்சி பெரிது.

தலைநகர் வாஷிங்டன், பக்கத்துக்குப் பத்து மைல் என்று சாய்சதுரமாக வகுக்கப்பட்ட இடம். பொடோமாக் ஆற்றின் தென்கரைப் பகுதியை 1846-இல் வர்ஜீனியாவுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டதால் ஆறு அந்தச் சதுரத்தைக் கடித்தது போல இருக்கும். தாளில் 3 மி.மீ. இடம்தான், பென்சிலை நன்றாகச் சீவிக்கொள்ள வேண்டும். நினைவுச்சின்னங்களுக்குச் சிறு குறிகள் மட்டும் போதும்: செயின்ட் லூயிஸின் 192 மீட்டர் உயர வளைவு, தெற்கு டகோட்டாவில் நான்கு குடியரசுத் தலைவர்களின் முகங்கள் செதுக்கிய ரஷ்மோர் மலை, 1872-இல் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட யெல்லோஸ்டோன்.

எல்லைகளுக்குள் இப்போது எண்களை எழுதி வருகிறேன். ஒவ்வொரு மாநிலத்துக்கும் குடியரசுத் தலைவர் தேர்தலில் உள்ள வாக்குகள், அதாவது செனட் இடங்கள் இரண்டும் பிரதிநிதிகள் சபை இடங்களும் சேர்ந்த தொகை. மொன்டானா 17 செ.மீ.க்கு மேல் அகலமாக விரிந்து கிடக்கிறது, அதற்குள் 4. விரல் நீளம்கூட இல்லாத நியூ ஜெர்சிக்குள் 14. வயோமிங்குக்கு 3, கலிபோர்னியாவுக்கு 54. தலைநகருக்கும் 3 வாக்குகள் உண்டு, 1961-இல் வந்த 23-வது அரசியலமைப்புத் திருத்தத்தால். மொத்தம் 538, வெற்றிக்கு 270. மெய்ன், நெப்ராஸ்கா இரண்டிலும் வாக்குகள் ஒட்டுமொத்தமாக ஒருவருக்கே போகாமல் தொகுதிவாரியாகவும் பிரியும் என்பதால் அங்கே மட்டும் எண்ணைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறேன். வாக்கு மக்கள்தொகையைத் தொடர்கிறது, நிலப்பரப்பை அல்ல. புள்ளிவிவர அட்டவணையில் பலமுறை பார்த்த இந்தச் செய்தி, கையால் எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்தது அலாஸ்கா. பள்ளிப் படங்களில் அதைச் சுருக்கி மூலையில் போட்டுவிடுவார்கள், எனக்கு அது பிடிக்காது. டெக்சாஸைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு பரப்புள்ள மாநிலம் அது. அலூசியன் தீவுகளையும் சேர்த்து இதே அளவில் வரைய இன்னும் இரண்டு சார்ட் தாள்கள் வாங்கி வைத்திருக்கிறேன். முதலில் யூக்கான் ஆறு.